பழைய காருக்கு மாற்று ஸ்டார்ட்டர் வாங்குமுன்

(தோட்டத் தொழிலாளர் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

இன்று நாம் பேச எடுத்துக்கொண்டிருப்பது, இரு கைகளுக்குள் அடங்கிவிடும் ஓர் இரும்பு உருளையைப் பற்றி. காரின் சாவியைத் திருப்பியவுடன் எஞ்சினை முதன்முதலில் சுழற்றிவிடும் ஸ்டார்ட்டர் மோட்டாரே அது. 'தொடக்கி' என்று அதற்குத் தூய தமிழில் பெயரிடலாம். ஆனால் கடைக்குப் போய்த் 'தொடக்கி கொடுங்கள்' என்று கேட்டால் கடைக்காரர் நம்மை ஏற இறங்கப் பார்ப்பார். ஆகவே ஸ்டார்ட்டர் என்றே சொல்லிக்கொள்வோம்.

இத்தனை சிறிய பொருளுக்கு ஒரு கூட்டமா என்று சிலர் எண்ணக்கூடும். பட்டணத்தில் வாழ்பவருக்கு ஸ்டார்ட்டர் பழுதானால் அது ஒரு தொல்லை, அவ்வளவே. வேறு வண்டியில் ஏறிக்கொள்வார். தோட்டத்தில் நிலைமை வேறு. பெருஞ்சாலையைச் சென்றடையவே செம்மண் பாதையில் நாலைந்து கட்டை போகவேண்டிய லயங்கள் இன்னும் உண்டு. நள்ளிரவில் குழந்தைக்கு மூச்சிரைப்புக் கண்டால் 999ஐ அழைக்கலாம், அழைக்கவும் வேண்டும். எனினும் ஆம்புலன்ஸ் அந்தப் பாதையில் வந்து சேரும் வரையில் காத்திருக்க எல்லா நோயும் இடங்கொடுப்பதில்லை. அந்த நேரத்தில் லயத்தின் ஓரத்தில் நிற்கும் பழைய காரைத்தான் எல்லோரும் நாடுகின்றனர். 2025ஆம் ஆண்டில் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 வெள்ளியாக உயர்த்தப்பட்டது. அச்சம்பளத்தில் வீட்டுச் செலவு போக மிஞ்சியதைக் கொண்டு பொருந்தாத ஸ்டார்ட்டர் ஒன்றை வாங்கிவிட்டால், அடுத்த மாதம் பொருந்தக்கூடிய வேறொன்றை வாங்குவது எளிதன்று.

ஸ்டார்ட்டர் செய்யும் வேலையை முதலில் பார்ப்போம். பேட்டரியிலிருந்து மின்சாரத்தைப் பெற்று மோட்டார் சுழல்கிறது. அதன் மூக்கிலுள்ள சிறிய பல்சக்கரம் முன்னே பாய்ந்து, எஞ்சினின் பின்புறமுள்ள பெரிய பல்வளையத்தைக் கவ்விச் சுழற்றுகிறது. எஞ்சின் உயிர்பெற்றதும் சிறு சக்கரம் பின்வாங்கிவிடுகிறது. சக்கரத்தை முன்னே தள்ளுவதும், பெரிய மின்னோட்டத்தைத் திறந்துவிடுவதும் மோட்டாரின் முதுகில் சவாரி செய்யும் மற்றொரு சிறு உருளையின் வேலை. அதற்குச் சோலினாய்டு என்று பெயர். 1912ஆம் ஆண்டின் அமெரிக்கக் காடிலாக் கார்களில் சார்ல்ஸ் கெட்டரிங் என்பவரின் மின்சார ஸ்டார்ட்டர் இடம்பெறுவதற்கு முன், காருக்கு எதிரே நின்று இரும்புக் கைப்பிடியைக் கையால் சுழற்றவேண்டியிருந்தது. எஞ்சின் எதிர்த்து உதைத்தால் மணிக்கட்டு ஒடிந்துபோகும். அந்தக் கையின் வேலையைத்தான் இவ்வுருளை செய்கிறது. அதற்காக அது இழுக்கும் மின்னோட்டம் சிறிய காரிலும் நூறு ஆம்பியருக்கு மேல் போகும். முகப்பு விளக்குகள் இரண்டும் சேர்ந்து இழுப்பதோ ஏறத்தாழப் பத்து ஆம்பியர்தான். "விளக்கு நன்றாகத்தானே எரிகிறது, பேட்டரியில் என்ன குறை?" என்று கேட்பவர்கள் இந்தக் கணக்கை மனத்திற்கொள்ள வேண்டும்.

நாம் அறிந்த ஒரு தோட்டத்தில் நடந்ததைச் சொல்கிறோம். பால்மரம் சீவும் நண்பர் ஒருவர். அவருடைய மனைவிக்குச் சிறுநீரகக் கோளாறு. வாரத்தில் மூன்று நாள் இரத்தச் சுத்திகரிப்புக்காக அவ்வம்மையாரைப் பட்டணத்துக்கு அழைத்துச் செல்லவேண்டும். ஒரு நாள் காலையில் அவருடைய பழைய கார் 'டக்' என்ற ஒலியோடு நின்றுவிட்டது. ஸ்டார்ட்டர் போய்விட்டது என்று பக்கத்து வீட்டார் சொல்ல, இருந்த பணத்தைத் திரட்டிப் பழைய சாமான் கடையில் ஒன்றை வாங்கி மாட்டினார். மறுபடியும் 'டக்'. கடைக்காரர் கெட்ட பொருளைக் கொடுத்துவிட்டார் என்று எண்ணி வேறு கடையில் இரண்டாவது ஒன்றை வாங்கினார். அப்போதும் அதே ஒலிதான். இதற்குள் அம்மையாருக்குச் சிகிச்சை ஒரு நாள் தவறிப்போயிற்று. கால் வீங்கி, மூச்சுத் திணறி, அயலார் வாகனத்தில் அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோக நேர்ந்தது. பின்னர் ஒரு வயர்மேன் வந்து பார்த்தார். பேட்டரியிலிருந்து எஞ்சினுக்குச் செல்லும் தரைக்கம்பி, போல்ட்டின் அடியில் பச்சைக் களிம்பு பூத்து அரித்துப்போயிருந்தது. அதனைச் சுரண்டித் துடைத்து இறுக்கியதும் முதலில் கழற்றிப் போட்ட பழைய ஸ்டார்ட்டரே எஞ்சினைச் சுழற்றிற்று.

இது எவ்வாறு நிகழ்கிறது? உங்கள் லயத்துத் தண்ணீர்க் குழாயை நினைத்துப் பாருங்கள். தாங்கி நிறையத் தண்ணீர் இருந்தும், நடுவழியில் குழாய் துருவேறி அடைத்திருந்தால் கடைசி வீட்டில் சொட்டுச் சொட்டாகத்தான் விழும். குடிக்க ஒரு குவளை நிரம்பும், குளிக்கப் போதாது. அரித்த கம்பியும் அவ்வாறே. விளக்குக்கு வேண்டிய பத்து ஆம்பியரை விட்டுவிடும். ஸ்டார்ட்டருக்கு வேண்டிய நூறை விடாது.

ஆகவே கடைக்குப் புறப்படுமுன் செய்யவேண்டிய சோதனை ஒன்றுண்டு. அதற்குக் காசு செலவில்லை. இருட்டிய பின் காரின் முகப்பு விளக்கை ஏற்றுங்கள். ஒருவர் சாவியைத் திருப்ப, மற்றொருவர் விளக்கைப் பார்க்கட்டும். விளக்கு அணைவதுபோல் மங்கினால் பேட்டரி தளர்ந்திருக்கலாம், அல்லது பேட்டரியின் முனைகளில் பிடிப்பு இல்லை. விளக்கு மங்காமல், ஒரே ஒரு 'டக்' ஒலி மட்டும் கேட்டால் சோலினாய்டின் உள்தொடர்பு தேய்ந்திருக்கக்கூடும். நாம் சொன்ன தரைக்கம்பிக் கோளாறும் இதே குறியைக் காட்டுவதுண்டு. விளக்கும் மங்கவில்லை, ஒலியும் இல்லை என்றால் சாவி சுவிட்சையோ, சோலினாய்டுக்குச் செல்லும் மெல்லிய கம்பியையோ பார்க்கவேண்டும். ஆட்டோ கியர் கார்களில் இன்னொன்று: கியர்த்தண்டு பார்க்கிங்கிலோ நியூட்ரலிலோ இருந்தாலன்றி ஸ்டார்ட்டர் இயங்காதபடி ஒரு சுவிட்ச் தடுக்கிறது. அந்தச் சுவிட்ச் பழுதானாலும் ஸ்டார்ட்டர் செத்ததுபோலவே தோன்றும். பார்க்கிங்கில் மறுக்கும் கார் நியூட்ரலில் இயங்குமானால் குற்றம் ஸ்டார்ட்டரில் இல்லை. மோட்டார் 'விர்ர்' என்று சுழல்கிறது, எஞ்சின் அசையவில்லை என்றால் மட்டும் பல்சக்கரத்தின் பிடியில் கோளாறு என்று பெரும்பாலும் சொல்லலாம்.

வயர்மேனிடம் மின்னழுத்தமானி இருக்கும். நன்கு மின்னேற்றிய பேட்டரி, கார் ஓய்ந்திருக்கும்போது 12.6 வோல்ட் காட்டும், 12.2 என்றால் ஏறக்குறையப் பாதி தீர்ந்துவிட்டது என்று பொருள். ஸ்டார்ட்டர் சுழலும் வேளையில் அது 9.6க்குக் கீழே இறங்கலாகாது. தரைக்கம்பியின் இரு முனைகளுக்கும் இடையே, சுழலும்போது அரை வோல்ட்டுக்குமேல் இழப்பு இருந்தால் கம்பியே குற்றவாளி. இந்தச் சோதனைகளை முடிக்காமல் "ஸ்டார்ட்டர் மாற்றவேண்டும்" என்று சொல்லும் பட்டறையில் நாம் காரை விடமாட்டோம்.

குற்றம் ஸ்டார்ட்டரில்தான் என்று முடிவாகிவிட்டதா? அப்போதும் முழுவதையும் மாற்றவேண்டும் என்பதில்லை. ஸ்டார்ட்டருக்குள் தேய்வதற்கென்றே அமைந்த பாகங்கள் சில உள்ளன. கார்பன் பிரஷ் தேய்கிறது. தண்டைத் தாங்கும் பித்தளை வளையங்கள் தேய்கின்றன. சோலினாய்டிலுள்ள செப்புத் தொடர்புகள் தீய்ந்து குழிவிழுகின்றன. பல டொயோட்டா கார்களில் காணப்படும் டென்சோ ஸ்டார்ட்டர்கள் 'டக்' என்று நின்றுபோவதற்குப் பெரும்பாலும் காரணம் கட்டைவிரல் அளவுள்ள இரண்டு செப்புத் துண்டுகளே. அவற்றை மாற்றினால் போதும். காலையில் நன்றாக இயங்கி, பட்டணம் போய் எஞ்சின் சூடேறிய பின் மறுக்கும் ஸ்டார்ட்டரிலும் தேய்ந்த வளையங்களையும் சோலினாய்டையும் முதலில் பார்க்கவேண்டும். இவற்றை மாற்றித் தரக்கூடிய வயர்மேன் அருகிலிருந்தால், நம்முடைய கருத்தில், தோட்டத் தொழிலாளிக்கு அதுவே முதல் தேர்வு. காரோடு பிறந்த பொருள் காருக்குப் பொருந்துமா என்ற கேள்வியே எழுவதில்லை அன்றோ? சுருளின் கம்பிகள் கருகி வாடை அடித்தாலும், உறை வெடித்திருந்தாலும், தண்டின் பல் உடைந்திருந்தாலும் அப்போது மாற்று தேடலாம்.

மாற்று தேடுவதில்தான் பலர் ஏமாறுகின்றனர். காரின் பெயரை மட்டும் சொல்லி ஸ்டார்ட்டர் கேட்பது, 'பெரியவருக்குச் சட்டை வேண்டும்' என்று கேட்பதைப் போன்றது. எந்தப் பெரியவர்? புரோட்டோன் சாகாவையே எடுத்துக்கொள்ளுங்கள். 1985ஆம் ஆண்டு ஜூலையில் அது வெளிவந்தபோது எட்டு வால்வு எஞ்சின். 1987இல் பன்னிரண்டு வால்வு எஞ்சின் வந்தது. பெயர் ஒன்று, எஞ்சின் வேறு. ஒரே எஞ்சினாயினும், பல ரகங்களில் கை கியர் காருக்கு ஒரு ஸ்டார்ட்டர், ஆட்டோ கியர் காருக்கு வேறொன்று. நமது நாட்டில் மற்றொரு சிக்கலும் உண்டு. ஜப்பானிலிருந்து பாதியாக வெட்டப்பட்டு வரும் கார்களின் எஞ்சினைப் பழைய கார்களில் மாற்றிப் பொருத்தும் வழக்கம் நெடுங்காலமாக இருந்துவருகிறது. டட்சன் 120ஒய் என்று பெயர்ப்பலகை சொல்லும்; மூடியைத் திறந்தால் உள்ளே வேறு எஞ்சின் உட்கார்ந்திருக்கும். மூன்று கைமாறி உங்களிடம் வந்த காராயின் இதனைக் கட்டாயம் பாருங்கள். எஞ்சினில் பொறித்துள்ள எண்ணும், காரின் கிராந்தில் உள்ள எண்ணும் ஒன்றுதானா என்று ஒப்பிட்டால் உண்மை தெரியும். ஒன்றாக இல்லையென்றால் அது ஸ்டார்ட்டரோடு முடியும் காரியமன்று. சாலைப் போக்குவரத்து இலாகாவுக்கும் போகவேண்டியிருக்கும்.

சிறந்த வழி, கழற்றிய ஸ்டார்ட்டரையே ஒரு துணிப்பையில் போட்டுக் கடைக்கு எடுத்துச் செல்வது. அதன் உறையில் உற்பத்தியாளரின் எண் பொறித்திருக்கும். அழுக்கை மண்ணெண்ணெயில் துடைத்தால் தெரியும். அந்த எண்ணை ஒரு தாளில் எழுதிக் காரிலேயே வைத்துக்கொள்வது இன்னும் நல்லது. எண் அழிந்துபோயிருந்தால் இரண்டையும் மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மூக்குச் சக்கரத்துப் பற்களை எண்ணுங்கள். எட்டு, ஒன்பது, பத்து என்று வேறுபடும். ஒரு பல் மாறினாலும் பெரிய வளையத்தின் பற்களை அது தின்றுவிடும். அந்த வளையத்தை மாற்றுவதென்றால் கியர்ப்பெட்டியைக் கீழே இறக்கவேண்டும். அதற்கான கூலி ஸ்டார்ட்டரின் விலையை விஞ்சும். போல்ட் துளைகள் எத்தனை, அவற்றின் இடைவெளி எவ்வளவு, மூக்கு எவ்வளவு நீண்டிருக்கிறது, சோலினாய்டு எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது, சக்கரம் எத்திசையில் சுழல்கிறது என்பனவும் பார்க்கத்தக்கவை. சோலினாய்டு வேறு பக்கம் சாய்ந்திருந்தால் பொருள் துளைகளில் பொருந்தும். ஆனால் புகைக்குழாயை முட்டிக்கொண்டு நிற்கும்.

கம்பி மாட்டும் முனைகளையும் எண்ணவேண்டும். தடித்த கம்பிக்கு ஒன்று, சாவியிலிருந்து வரும் மெல்லிய கம்பிக்கு ஒன்று. மிகப் பழைய கார்கள் சிலவற்றில் மூன்றாவது ஒரு சிறு முனை உண்டு. ஸ்டார்ட்டர் சுழலும் வேளையில் பேட்டரி தளர்வதால், இக்னிஷன் காயிலுக்குத் தடையின்றி நேரே மின்சாரம் தருவதற்காக அமைந்தது அது. அந்த முனை இல்லாத ஸ்டார்ட்டரை மாட்டினால் எஞ்சின் நன்றாகச் சுழலும், ஆனால் எளிதில் பற்றிக்கொள்ளாது. பிளக்கைக் கழற்றி, கார்புரேட்டரைக் கழற்றி, நாலு நாள் அலைவீர்கள்.

இனி, சந்தையில் கிடைக்கும் பொருள்களைப் பார்ப்போம். வெட்டுக் கார் கடையில் கிடைக்கும் பழைய ஸ்டார்ட்டர் மலிவு. அசல் தயாரிப்பு என்பதும் மெய்யே. ஆனால் அது எத்தனை ஆண்டு உழைத்தது என்று அதன் முகத்தைப் பார்த்துச் சொல்லமுடியாது. அதனை வாங்குவதானால் கடையிலேயே பேட்டரியில் இணைத்துச் சுழற்றிக் காட்டச் சொல்லுங்கள். சக்கரம் பாய்ந்து வெளியே வரவேண்டும், சீரான ஒலியோடு சுழலவேண்டும், மின்சாரத்தை நிறுத்தியதும் உள்ளே போகவேண்டும். காலால் மிதித்தோ பிடியில் இறுக்கியோதான் இச்சோதனையைச் செய்யவேண்டும். கையில் பிடித்தால் துள்ளி விழும். சுமையின்றிச் சுழல்வது எஞ்சினைச் சுழற்றுவதற்கு ஈடாகாது. எனினும் செத்ததை உயிருள்ளதாக எண்ணி வாங்காமலிருக்க உதவும்.

'ரீகோன்' என்று சொல்லி விற்கப்படுவதில் இரண்டு வகை உண்டு. ஒன்று, முழுவதும் பிரித்து, தேய்ந்தவற்றை மாற்றிச் சேர்த்தது. மற்றொன்று, கழுவிச் சாயம் பூசியது. இரண்டும் கண்ணாடி அலமாரியில் ஒரே பளபளப்போடு வீற்றிருக்கும். என்னென்ன மாற்றினீர்கள் என்று கேட்டால் முதல் வகையை விற்பவர் பெயர் பெயராகச் சொல்வார். இரண்டாவது வகையை விற்பவர், "எல்லாம் புதிதுதான்" என்பார். புதியவற்றிலும் அசல் உண்டு, போலி உண்டு. பெயர்பெற்ற நிறுவனத்தின் பெட்டியில் யாரோ செய்த பொருள் வருவது வாகன உதிரிப்பாகச் சந்தையில் புதிதன்று. விலை நம்பமுடியாத அளவுக்குக் குறைவாக இருந்தால் நம்பாதீர்கள்.

நோயாளி உள்ள வீட்டுக் கார், பள்ளிப் பிள்ளைகளை ஏற்றும் கார் என்றால், சோதிக்கப்படாத பழைய பொருளைவிட உத்தரவாதமுள்ள புதியதோ முறையாகப் பிரித்துச் சேர்த்ததோதான் தக்கது. ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கும் சந்தைக்கும் மட்டும் ஓடும் காருக்கு வெட்டுக் கடைப் பொருள் போதும். காரை ஓராண்டுக்குள் கழித்துவிடப் போகிறவர் விலையுயர்ந்ததை வாங்குவதில் பொருளில்லை.

"பெரிய சக்தியுள்ளதைப் போட்டால் நல்லதுதானே?" என்று இளைஞர்கள் கேட்கின்றனர். உறையில் 0.8, 1.0, 1.4 என்று கிலோவாட் குறித்திருக்கும். பழைய மோட்டார் நேரடியாகச் சக்கரத்தைச் சுழற்றுவது, எடை மிகுந்தது. பின்னர் வந்தவற்றில் சிறிய மோட்டார் மிக வேகமாகச் சுழல, உள்ளே ஒரு பல்சக்கரத் தொகுதி அவ்வேகத்தைக் குறைத்து வலிமையாக மாற்றித் தருகிறது. எடையும் குறைவு, பேட்டரிக்கும் சுமை குறைவு. உங்கள் எஞ்சினுக்கென்றே அவ்வகை கிடைக்குமானால் நல்லதே. கிடைக்காததை அராவியும் துளையிட்டும் மாட்டுவது வேண்டாம். ஓர் எச்சரிக்கை: இப்புதிய வகை பலவற்றில் கம்பிச்சுருளுக்குப் பதிலாக நிலைக்காந்தம் ஒட்டியிருக்கும். ஸ்டார்ட்டர் மறுத்தால் சுத்தியலால் தட்டும் பழைய வைத்தியத்தை இதற்குச் செய்தால் காந்தம் உடைந்து, பிழைக்கக்கூடியதும் செத்துவிடும்.

மாட்டுவதைப் பற்றிச் சில சொற்கள். முதலில் பேட்டரியின் எதிர்முனையைக் கழற்றுங்கள். ஸ்டார்ட்டருக்கு வரும் தடித்த கம்பியில் எப்போதும் மின்சாரம் இருக்கும். சாவியை எடுத்துவிட்டால் போதும் என்று எண்ணிச் சாவிமுறுக்கி பட்டு விரல் வெந்தவர்கள் உண்டு. காருக்கு அடியில் புகவேண்டுமானால் ஜேக்கை மட்டும் நம்பியோ, செங்கல்லை அடுக்கியோ புகவே கூடாது. இரும்புத் தாங்கிகள் வைக்கவேண்டும். அவை இல்லையென்றால் பட்டறையில் கொடுத்துவிடுங்கள். பழையதைக் கழற்றிய துவாரத்தின் வழியே விளக்கடித்துப் பெரிய வளையத்தின் பற்களைப் பாருங்கள். நான்கு சிலிண்டர் எஞ்சின் பெரும்பாலும் இரண்டே இடங்களில்தான் வந்து ஓய்கிறது. ஆதலால் பற்களும் எதிரெதிரான அவ்விரண்டு இடங்களில்தான் அதிகம் தேய்கின்றன. எஞ்சினைச் சிறிது சிறிதாகத் திருப்பி முழு வட்டத்தையும் பார்த்தால்தான் தெரியும். மாட்டிய பின், ஒரு தடவைக்குப் பத்து விநாடிக்குமேல் சாவியைத் திருப்பிப் பிடிக்கலாகாது. விட்டு, அரை நிமிடமாவது ஆறவிட்டு, மீண்டும் முயலவேண்டும்.

வாங்கும்போது ரசீது கேளுங்கள். அதில் கடையின் பெயர், தேதி, பொருளின் எண், உத்தரவாதக் காலம் ஆகியவை இருக்கட்டும். பழைய ஸ்டார்ட்டரை ஈடாகக் கேட்கும் கடைகள் உண்டு. புதியது காரில் ஏறி எஞ்சின் ஓடும் வரையில் அதனைக் கொடுத்துவிடாதீர்கள். பழுதான பொருளை மாற்றித் தர மறுத்தால் 1999ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் அமைந்த பயனீட்டாளர் கோரிக்கைத் தீர்ப்பாயத்தை நாடலாம். மனுக் கட்டணம் 5 வெள்ளிதான். வழக்கறிஞர் வைக்கவேண்டியதில்லை. 2019ஆம் ஆண்டு முதல் 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை அது விசாரிக்கிறது. மூன்று ஆண்டுகளுக்குள் மனுச் செய்யவேண்டும். மனுவை எழுதத் தயங்குகிறவர்கள் ரசீதோடு நமது அலுவலகத்துக்கு வாருங்கள், எழுத உதவுகிறோம்.

இதோ, இம்மேசையில் இரண்டு ஸ்டார்ட்டர்களை வைத்திருக்கிறோம். ஒன்று பழைய நேரடி வகை, மற்றொன்று பல்சக்கரத் தொகுதி உள்ளது. நம்முடன் வந்திருக்கும் வயர்மேன் அவற்றை இப்போது பிரித்துக் காட்டுவார். பின்வரிசையில் உள்ளவர்களும் அருகில் வரலாம். தேய்ந்த பிரஷ் ஒன்றும் புதிய பிரஷ் ஒன்றும் தட்டில் உள்ளன. கையில் எடுத்துப் பாருங்கள்.